எடை குறைந்த சிறிய டிஜிட்டல் கேமரா வாங்குவது எப்படி: பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை, ஒதுக்க வேண்டியவை

என் பழைய கேமராவும் அதன் இரண்டு லென்சுகளும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும். கழுத்து வலி வந்த பிறகு அதை எடுத்துச் செல்வது குறைந்து, கடைசியில் அது அலமாரியிலேயே தங்கிவிட்டது. கைப்பையில் அடங்கும் கேமரா ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன். சரியான ஒன்று கைக்கு வருவதற்குள் எட்டு மாதங்கள் கழிந்தன, இரண்டு முறை தவறாகவும் வாங்கினேன். முதலில் வாங்கியது மங்கிய வெளிச்சத்தில் பயன்படவில்லை. இரண்டாவதாக வாங்கியதற்கு முறையான பில் இல்லாததால், லென்ஸ் சிக்கிக்கொண்டபோது முழுச் செலவையும் நானே ஏற்க வேண்டியிருந்தது. இவ்விரண்டு இழப்புகளும் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே, நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். விலை, ஆவணம் குறித்தவை இந்தியாவில் வாங்குவோருக்குப் பொருந்தும்.

1. கைபேசியில் கெட்டுப்போன படங்களைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் கைபேசியைத் திறந்து, கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் சரியாக வராத படங்கள் எவை என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் எடுத்தவை குழம்பியிருக்கின்றனவா, ஓடும் குழந்தையின் முகம் தெளிவில்லாமல் இருக்கிறதா, மேடையில் ஆடுபவர் தொலைவில் புள்ளியாகத் தெரிகிறாரா, வேடந்தாங்கலில் எடுத்த நாரை அடையாளம் தெரியாமல் போயிற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் கேமரா அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுக்கும் குடும்பப் படங்கள் மட்டுமே உங்கள் தேவை என்றால் இன்றைய கைபேசியே போதும். அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

2. சென்சாரின் உண்மையான அளவைக் கேளுங்கள்

நான் முதல் முறை ஏமாந்தது இங்குதான். 30 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல் என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்து வாங்கினேன். ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அளவு பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படும் சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது. ஒரு அங்குலம் எனப்படுவது 13.2 மி.மீ. அகலமும் 8.8 மி.மீ. உயரமும் உடையது, பெயரில்தான் அங்குலம் இருக்கிறதே தவிர, அதன் எந்தப் பக்கமும் ஒரு அங்குல நீளம் இல்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 17.3 மி.மீ.க்கு 13 மி.மீ., ஏபிஎஸ்-சி என்பது பெரும்பாலான நிறுவனங்களில் 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. அளவு இருக்கும். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு அங்குல சென்சார் 1/2.3 அங்குலத்தைப் போல நான்கு மடங்கு, ஏபிஎஸ்-சி அந்த ஒரு அங்குலத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். மங்கிய ஒளியில் படம் புள்ளிப் புள்ளியாகச் சிதறாமல் வருவதற்கு இந்தப் பரப்பே முதல் காரணம்.

இன்றைய நல்ல கைபேசிகள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் உள்ள சென்சார் 1/2.3 அங்குலத்தைவிடப் பெரியது. ஆகவே அந்தச் சிறிய சென்சார் கொண்ட தனிக் கேமராவை வாங்குவதற்கு இரண்டே காரணங்கள்தான் நியாயமானவை. பகலில் பறவை, விலங்கு போன்றவற்றைத் தொலைவிலிருந்து எடுக்க நீண்ட ஜூம் வேண்டும் என்பது ஒன்று. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போல 15 மீட்டர் ஆழம் வரை நீருக்குள் கொண்டுசெல்லக்கூடிய கேமரா வேண்டும் என்பது மற்றொன்று. மற்றவர்கள் ஒரு அங்குலத்துக்குக் குறைவான சென்சாரைத் தவிர்ப்பது நல்லது.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏ3 தாளில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் மிகத் தெளிவாக அச்சிடவே 17.4 மெகாபிக்சல் போதும். 20 மெகாபிக்சல் கேமராவுக்கும் 26 மெகாபிக்சல் கேமராவுக்கும் இடையே தேர்வு செய்யும்போது அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

3. லென்சையும் சென்சாரையும் சேர்த்தே எடைபோடுங்கள்

லென்சின் மேல் எஃப் 1.8, எஃப் 2.8 என்று குறித்திருப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம் உள்ளே வரும். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 2.8 லென்சைப் போல 2.4 மடங்கு ஒளியை விடும். ஜூம் லென்சில் இரண்டு எண்கள் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணை மட்டுமே. எடுத்துக்காட்டாக, 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 முதல் 4.9 வரை செல்வது. முழுமையாக ஜூம் செய்தால் உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 2019இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 கேமராவின் லென்ஸ் எஃப் 1.8 நிலையில் தொடங்கி, ஜூம் முழுதும் நீண்டாலும் எஃப் 2.8ஐத் தாண்டாது. அதே ஆண்டின் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, 200 மி.மீ. வரை எட்டும் (லென்சுக்குச் சொல்லும் இந்த மி.மீ. எண் பெரிதானால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) என்றாலும் தொடக்கமே எஃப் 2.8தான். தொலைவும் வெளிச்சமும் ஒரே சிறிய லென்சில் சேர்ந்து கிடைப்பதில்லை; எது உங்களுக்கு முக்கியம் என்பதற்கு முதல் படியில் நீங்கள் எழுதிய குறிப்புதான் விடை சொல்ல வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா என்றாலே படம் உயர்ந்ததாக இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கேனான் ஆர்50 கேமராவின் சென்சார், ஜி7 எக்ஸ் மார்க் 3இன் சென்சாரைவிட ஏறக்குறைய 2.9 மடங்கு பெரியது என்பது உண்மை. ஆனால் அதனுடன் தரப்படும் 18-45 மி.மீ. லென்ஸ் எஃப் 4.5 நிலையில் தொடங்குவதால், ஜி7 எக்ஸ் மார்க் 3இன் எஃப் 1.8 லென்சோடு ஒப்பிட ஆறில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடுகிறது. இரண்டையும் பெருக்கினால், மண்டபத்துக்குள் அந்தப் பெரிய கேமரா பெறும் மொத்த ஒளி, சிறிய கேமரா பெறுவதில் பாதிக்கும் குறைவு. உடன் வரும் லென்சை மட்டுமே என்றென்றும் பயன்படுத்தப் போகிறவர், இருட்டு இடங்களுக்காக மிரர்லெஸ் வாங்குவதில் பொருளில்லை. 28 மி.மீ. எஃப் 2.8 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸ் ஒன்றைச் சேர்த்து வாங்க மனமும் பணமும் இருந்தால் மட்டுமே அதன் பலன் கிடைக்கும்.

கோயில் மண்டபங்களையும் சிற்பங்களையும் எடுப்பவர்களுக்கு இது மேலும் முக்கியம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், கையில் பிடித்தபடியே எடுக்க வேண்டியிருக்கும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். ரிக்கோ ஜிஆர் 3 போன்ற 257 கிராம் கேமராவிலேயே அது இருக்கிறது. அந்த வசதி சிலைக்கு உதவும், ஓடும் குழந்தைக்கு உதவாது. அசைபவரை நிறுத்திப் பிடிக்க, ஒளியை மிகக் குறைந்த நேரமே உள்ளே விடும் வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு மீண்டும் ஒளிதான் வேண்டும்.

டிஜிட்டல் ஜூம் என்று எழுதியிருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. லென்சே பெரிதாக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று கேளுங்கள்.

4. லென்சும் பேட்டரியும் சேர்த்த எடையைக் கேளுங்கள்

விளம்பரங்களில் லென்ஸ் இல்லாத கேமரா உடலின் எடையை மட்டும் சொல்வது வழக்கம். லென்ஸ் பிரிக்க முடியாத சிறிய கேமராக்களில் ஜி7 எக்ஸ் மார்க் 3 பேட்டரி, கார்டு உட்பட 304 கிராம், ஆர்எக்ஸ்100 மார்க் 7 302 கிராம். மிரர்லெஸ் வகையில் சோனி இசட்வி-இ10 உடல் 343 கிராம், 16-50 மி.மீ. லென்ஸ் 116 கிராம், ஆக 459. ஆர்50 உடல் 375 கிராம், அதன் 18-45 மி.மீ. லென்ஸ் 130 கிராம் என 505. அதன் பிறகு தொலைவுக்கென்று 55-210 மி.மீ. லென்சை வாங்கினால் மேலும் 270 கிராம் ஏறும். ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய, முழு அளவு எனப்படும் சென்சார் கொண்ட சோனி ஏ7சி உடல் 509 கிராம்தான் என்று கேட்டவுடன் ஆசை வரும்; அதற்குப் பொருத்தும் உயர்தர 24-70 மி.மீ. லென்சில் எடை குறைந்த பதிப்பே 695 கிராம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மீண்டும் பழைய கழுத்து வலிக்கே திரும்புவோம்.

எடையைப் போலவே தடிமனும் பார்க்க வேண்டியது. ஜிஆர் 3 கேமராவின் தடிமன் 33 மி.மீ., ஜி7 எக்ஸ் மார்க் 3, ஆர்எக்ஸ்100 மார்க் 7 இரண்டும் 41 முதல் 43 மி.மீ. வரை. இந்த ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டால் சட்டைப் பையில் போகிறதா, கைப்பைக்குப் போகிறதா என்பது மாறும். வீட்டிலுள்ள சோப்புப் பெட்டி ஒன்றை அந்த அளவுக்கு அட்டை ஒட்டிப் பருமனாக்கி, நீங்கள் அன்றாடம் எடுத்துச் செல்லும் பையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். எனக்கு அது பெரிதும் உதவியது.

5. கடையில் கையில் வாங்கிப் பாருங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு முறை கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் மெமரி கார்டை எடுத்துச் சென்று, அனுமதி கேட்டு, கடையின் இருண்ட மூலை ஒன்றைப் படமெடுத்து வீட்டில் கணினித் திரையில் பாருங்கள். விரல் பெரிதாக இருப்பவர்களுக்குச் சில பொத்தான்கள் கையாள முடியாதவையாக இருக்கும்.

வெயிலில் திரை தெரிகிறதா என்பதற்காகக் கடை வாசலுக்குக் கொண்டுசெல்லச் சம்மதம் கேளுங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் நண்பகலில் திரையில் ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாக எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் மேலெழும்பி வரும். ஜி7 எக்ஸ் மார்க் 3, ஜிஆர் 3 இரண்டிலும் இல்லை.

6. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

கேமராவின் விலையோடு செலவு முடிவதில்லை. சிறிய கேமராவில் பேட்டரியும் சிறியது. நிறுவனங்களின் அறிவிப்புப்படியே ஜிஆர் 3 சுமார் 200 படங்களும், ஜி7 எக்ஸ் மார்க் 3 235 படங்களும், ஆர்எக்ஸ்100 மார்க் 7 260 படங்களும் ஒரு முறை சார்ஜ் செய்தால் எடுக்கும். ஒரு நாள் பயணத்துக்கு மாற்றுப் பேட்டரி ஒன்று கட்டாயம் வேண்டும். மெமரி கார்டு, உறை, மணிக்கட்டு வார், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் ஆகியவற்றையும் சேர்த்து, கையிலுள்ள தொகையில் ஏழில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதத்துக்கே கேமராவைத் தேடுங்கள்.

மெமரி கார்டில் வி30 என்ற குறி இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். இவ்வகைக் கேமராக்களின் பெரும்பாலான 4கே காணொளிக்கு அது போதும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால் 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 85 நிமிடம் அடங்கும். போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உள்ளன. வாங்கிய அன்றே கார்டு நிறையும்வரை கோப்புகளை எழுதி, அவற்றைத் திறந்து பார்த்துவிடுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டிருந்தும் பாதியில் கோப்புகள் கெடுமானால் அது போலி.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும் நடைமுறைக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உங்கள் கணக்கில் ஏறுவது வழக்கம். தவணையை ஒப்புக்கொள்வதற்கு முன் வங்கியின் நிபந்தனையைப் படித்து, மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கூட்டிப் பாருங்கள்.

7. எப்போது வாங்குவது

தீபாவளியை ஒட்டிய வாரங்களிலும், ஒரு மாதிரிக்குப் புதிய பதிப்பு அறிவிக்கப்பட்ட பின்னரும் விலை இறங்க வாய்ப்புண்டு. ஆனால் கையிருப்பு அரிதாக இருக்கும் சிறிய கேமராக்களுக்கு இது பொருந்துவதில்லை. தட்டுப்பாட்டைக் காட்டி அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்பது சட்டப்படி தவறு, கொடுக்காதீர்கள். பயணத்துக்காக வாங்குவதானால் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வாங்குங்கள். பழுது இருந்தால் மாற்றிக்கொள்ளவும், கேமராவின் பழக்கம் கைக்கு வரவும் அந்த அவகாசம் தேவை.

8. பில்லும் மற்ற ஆவணங்களும்

டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. வரி உட்பட 60,000 ரூபாய் விலையுள்ள கேமராவில் 9,153 ரூபாய் வரி. பில் வேண்டாம் என்றால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அவர் குறைப்பது பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான். நான் அதற்கு ஆசைப்பட்டு ஒரு கடையில் வாங்கினேன். ஐந்தாம் மாதம் லென்ஸ் வெளியே நீண்டபடி நின்றுவிட்டது. இந்தியாவில் முறைப்படி விற்கப்பட்ட கேமரா அல்ல என்று சொல்லி, இலவசப் பழுதுபார்ப்பைச் சர்வீஸ் சென்டர் மறுத்துவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த தொகை, நான் மிச்சப்படுத்தியதாக எண்ணிய தொகையைவிட அதிகம்.

பணம் செலுத்துவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். முறைப்படி இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும். இந்த ஒட்டு இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, பெட்டி, கேமராவின் அடிப்பகுதி, பில், வாரன்ட்டி கார்டு ஆகிய நான்கிலும் சீரியல் எண் ஒன்றாக உள்ளதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். லென்ஸ் தனியாக இருந்தால் அதன் சீரியல் எண்ணும் பில்லில் வேண்டும். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், உங்கள் பெயர், தேதி, கேமரா மாதிரியின் முழுப்பெயர் ஆகியவை இருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாள் என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு பில் ஆகாது. வாரன்ட்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். உங்கள் ஊருக்கு அருகில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் ஒன்றாகவும் விற்பவர் பெயர் வேறாகவும் இருக்கும். பெட்டி வந்ததும், ஒட்டைப் பிரிப்பதற்கு முன் தொடங்கி சீரியல் எண் தெரியும்வரை இடைவெட்டின்றிக் காணொளி எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பில் இருந்தால்தான் உங்கள் கை வலுவாக இருக்கும்.

9. பயன்படுத்திய கேமரா வாங்குவோருக்கு

நல்ல நிலையிலுள்ள பழைய கேமரா பணத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. கைபேசி விளக்கை லென்சின் ஊடே சாய்த்துப் பாய்ச்சி, சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இது மிகச் சாதாரணம். ஜூமை இருபது முறை முன்னும் பின்னும் நகர்த்தி உரசும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். மணல் புகுந்த லென்ஸ் அப்படித்தான் ஒலிக்கும். வெள்ளைச் சுவர் ஒன்றை எஃப் எண்ணைப் பெரிதாக வைத்து எடுத்தால் சென்சாரில் படிந்த தூசி கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் பிரிக்க முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க இயலாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவரிடமிருந்து பழைய பில்லையும், சீரியல் எண் குறிப்பிட்டு விற்றதற்கான கையொப்பமிட்ட கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். பில் தொலைந்துவிட்டது என்று சொல்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பொறுப்பு உங்கள் மேல் விழும்.

10. முதல் ஏழு நாள்

பல இணையக் கடைகளில் மாற்றித் தரும் காலம் ஏழு நாள்தான். கேமரா வந்த அன்றே தொடங்கி ஒவ்வொரு வசதியையும் சோதியுங்கள். லென்சை மூடி வைத்துப் பத்து நொடிப் படம் எடுத்து, வண்ணப் புள்ளிகள் எரிகின்றனவா என்று பாருங்கள். செங்கல் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று எடுத்து, இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தெளிவுடன் உள்ளனவா என்று கணினியில் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, மாற்றக் கேளுங்கள். பேட்டரி முழுதும் தீரும்வரை ஒரு நாள் பயன்படுத்துங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் பதிவுசெய்யுங்கள். இந்த நாள்கள் முடியும்வரை பெட்டியையும் உள்ளிருக்கும் அட்டைகளையும் வீசாதீர்கள்.

11. பயணமும் பாதுகாப்பும்

விமானத்தில் மாற்றுப் பேட்டரிகளைக் கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அவற்றின் முனைகள் உலோகத்தில் படாதபடி சிறு பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். விலையுயர்ந்த கேமராவுடன் வெளிநாடு செல்வதானால், புறப்படும் முன் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கேமராவையும் பில்லையும் காட்டி, சீரியல் எண் குறித்த ஏற்றுமதிச் சான்று பெறலாம். திரும்பி வரும்போது அங்கே வாங்கிய பொருள் என்று கருதி வரி கேட்கும் நிலை வராது. இதற்கு வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

வீட்டில் கேமராவைத் தோலுறையிலோ துணி அலமாரியிலோ வைக்க வேண்டாம். ஈரம் தங்கி லென்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போடுங்கள். அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என் டப்பாவிலுள்ள சிலிகா ஜெல் மூன்று வாரத்திலேயே நிறம் மாறிவிடுகிறது. அப்போது அதை எடுத்து, அடிகனமான வாணலியில் மெல்லிய தீயில் பழைய நிறம் திரும்பும்வரை சூடாக்கி, முழுதும் ஆறிய பிறகு மீண்டும் உள்ளே வைக்கிறேன். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்துவதில்லை.